விமானப்படை விமானி ஆகலாமா? வீடே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒருநாள் 'நான் ஏர்ஃபோர்ஸ் பைலட் ஆகப் போகிறேன்' என்று சொன்னால், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. அப்பா மறுநாளே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமையாகச் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் அம்மா, 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அந்தப் பேச்சே வேண்டாம்' என்று அதோடு முடித்துவிடுவார். இரண்டு வீட்டிலுமே அந்தப் பிள்ளைக்குத் தேவையான பேச்சு நடப்பதில்லை. பெருமையும் நியாயம், பயமும் நியாயம். ஆனால் பதினேழு வயதில் எடுக்கும் முடிவு நாற்பது வயதுவரையாவது கட்டிப்போடும் என்பதால், சில விவரங்களைத் தெரிந்துகொண்டு நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் புரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கிடைப்பவை சீக்கிரம் கிடைத்துவிடுகின்றன. இழப்பவை மெதுவாகத்தான் தெரியவருகின்றன. கிடைப்பதில் பெரும்பங்கு விமானிக்குப் போகிறது. இழப்பதில் பெரும்பங்கை அவருடைய மனைவியோ கணவரோ, பிள்ளைகளோ, ஊரில் இருக்கும் பெற்றோரோ சுமக்கிறார்கள். அதனால்தான் இதை ஒருவர் தனியாக முடிவு செய்வது சரியாக இருக்காது என்கிறேன். அதோடு, பறப்பது என்பது படை அதிகாரியின் வேலையில் ஒரு பகுதிதான். அது எந்த வயதிலும் கைவிட்டுப் போகலாம். போன பிறகும் அந்தச் சீருடையில் இருக்க மனம் ஒப்புமா என்பதே, ஆசைப்படுகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி.

யார் பறக்கிறார்கள்?

ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தாலே விமானம் ஓட்டலாம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அக்னிவீர் வாயு தேர்வு எழுதிச் சேருகிறவர்கள் விமானப் பராமரிப்பு, ரேடார், தகவல் தொடர்பு போன்ற வேலைகளைச் செய்கிறார்கள். அவர்கள் இல்லாமல் ஒரு விமானமும் ஓடுபாதையை விட்டு எழாது. ஆனால் விமானியாக வேண்டுமென்றால் அதிகாரியாகத்தான் நுழைய வேண்டும். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம். பட்டம் பெற்ற பிறகு என்றால் சி.டி.எஸ். அல்லது ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஏ.எஃப்.கேட் தேர்வு எழுதலாம். என்.சி.சி. விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்குத் தனி வழி உண்டு. என்.டி.ஏ. வழியில் போகிறவர்கள் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு இருந்துவிட்டு, ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமிக்குப் போவார்கள். லட்சக்கணக்கானோர் எழுதும் என்.டி.ஏ. தேர்வில், அண்மை அறிவிப்புகளின்படி பறக்கும் பிரிவுக்கு ஒரு தடவைக்கு 92 இடங்கள்.

பெண்களுக்கு இப்போது எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. போக்குவரத்து விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் 1990களிலிருந்தே பெண்கள் ஓட்டுகிறார்கள். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானப் பிரிவில் முதல் பெண் அதிகாரிகளாகப் பொறுப்பேற்றார்கள். 2022 முதல் என்.டி.ஏ.விலும் மாணவிகள் சேருகிறார்கள்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களை விமானப்படைத் தேர்வு வாரியம் ஐந்து நாள் வைத்துச் சோதிக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூரு வாரியம். அங்கே விமானி ஆக விரும்புகிறவர்களுக்கு மட்டும் சி.பி.எஸ்.எஸ். என்ற கணினித் தேர்வு உண்டு. கையில் ஒரு கட்டுப்பாட்டுக் குச்சி, காலடியில் பெடல்கள். திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் புள்ளியைக் குறிப்பிட்ட இடத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். இடையிடையே எரியும் விளக்குகளையும் எழும் ஒலிகளையும் உடனுக்குடன் கவனித்து அணைக்க வேண்டும். இந்தத் தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடியும். அதில் தவறியவர் மற்றப் பிரிவுகளுக்கு முயலலாம். பறக்கும் பிரிவு அவருக்கு அத்துடன் முடிந்தது. பல பிள்ளைகளுக்கு இது அங்கே போய்த்தான் தெரிகிறது.

அடுத்து மருத்துவப் பரிசோதனை. குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. அதோடு கால் நீளம், தொடை நீளம், உட்கார்ந்த நிலையில் உயரம் ஆகியவற்றையும் அளக்கிறார்கள். கால் நீளம் 99 செ.மீ.க்குக் குறையக்கூடாது, 120ஐத் தாண்டவும் கூடாது. கால் குட்டையாக இருந்தால் பெடல் எட்டாது. தொடை நீண்டிருந்தால், அவசரத்தில் இருக்கையோடு வெளியே தெறிக்கும்போது முழங்கால் முன்பலகையில் இடித்து நொறுங்கும். நிறங்களைப் பிரித்தறிவதில் சிறு குறை இருந்தாலும் விமானி ஆக முடியாது. இதில் முயற்சிக்கோ பயிற்சிக்கோ வேலையே இல்லை. உடம்பு அமைந்த விதம்தான்.

துண்டிகல்லில் பயிற்சி பிலாட்டஸ் பி.சி.-7 என்ற சுவிட்சர்லாந்து விமானத்தில் தொடங்கும். பயிற்சியாளர் கீழே இருக்க, தனியாக மேலே போய் இறங்கும் முதல் சோலோவை எந்த விமானியும் மறப்பதில்லை. அந்தப் பயிற்சியாளர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் நம் தாம்பரத்தில்தான் இருக்கிறது. முதற்கட்டம் முடிந்ததும் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என மூன்றாகப் பிரிப்பார்கள். விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் தேர்ச்சியும் படையின் தேவையும்தான் முடிவு செய்யும். போர் விமானத்துக்கு எடுக்கப்பட்டவர்கள் பீதரில் ஹாக் ஜெட்டில் பழகிவிட்டு ஒரு படைப்பிரிவுக்குப் போவார்கள். அது சூலூரின் தேஜஸ் படைப்பிரிவாக இருக்கலாம், தஞ்சாவூரின் சுகோய்-30 படைப்பிரிவாக இருக்கலாம், ராஜஸ்தான் பாலைவனத்தின் ஓரமாகவும் இருக்கலாம். பயிற்சியின் நடுவிலேயே 'பறக்கும் திறன் போதாது' என்று நிறுத்தப்படுகிறவர்களும் ஒவ்வொரு அணியிலும் உண்டு. போர் விமானம் ஒன்றையே கனவாக வைத்துக்கொண்டு போன பிள்ளைக்கு ஹெலிகாப்டர் கிடைத்தால் என்ன செய்வான் என்பதை, போவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கிடைப்பது என்ன?

பணத்தைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி, தொடக்கப் பதவியான ஃப்ளையிங் ஆபீசரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். ராணுவப் பணி ஊதியம் 15,500. பறப்பதற்கான படியாக அந்தக் குழு வைத்தது 25,000. அகவிலைப்படி, குடியிருப்பு, மருத்துவம், கேண்டீன் எல்லாம் தனி. இருபத்து மூன்று வயதில் இது நல்ல வருமானம்தான். ஆனால் அதே வயதில் தொடங்கிய பயணிகள் விமான பைலட், கேப்டன் ஆனபின் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. வேறொரு பக்கமும் இருக்கிறது. தனியாரில் வணிக விமானி உரிமம் வாங்க அரை கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. நிலத்தையோ வீட்டையோ அடகு வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. விமானப்படை அதைவிடப் பல மடங்கு செலவில் கற்றுக்கொடுத்து, கூடவே சம்பளமும் தருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை காக்பிட்டில் உட்கார இந்த நாட்டில் இதைவிட நேரான வழி இல்லை.

பணத்துக்காக யாரும் இதில் நிலைத்திருப்பதில்லை. விமானிகளைப் பிடித்து வைத்திருப்பது வேலையின் தரம். போர் விமானப் படைப்பிரிவில் ஒரு மணி நேரம் பறக்க, முன்னதாகப் பல மணி நேரம் திட்டமிடுவார்கள். வரைபடம், வானிலை, எரிபொருள், எந்த இடத்தில் யார் எந்தப் பக்கம் திரும்புவது என்று நொடிக்கணக்கில் பேசுவார்கள். இறங்கிய பிறகு நடக்கும் அலசல் பறந்த நேரத்தையும் தாண்டி நீளும். பதிவுகளைத் திரையில் ஓடவிட்டு, 'இந்த இடத்தில் இரண்டு நொடி தாமதித்தாய், ஏன்?' என்று கேட்பார்கள். மூத்தவர் தன் தவறைத் தானே முதலில் சொல்லுவார். இருபத்தைந்து வயது இளைஞர் விங் கமாண்டரின் திருப்பத்தில் குறை கண்டாலும் அந்த அறையில் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை ஓர் உயிர் போகலாம். இவ்வளவு நேர்மையாகத் தவறுகளைப் பேசும் பணியிடங்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. அங்கே பத்து வருஷம் இருந்தவர் வாழ்க்கை முழுவதும் வேறு மாதிரி யோசிப்பார்.

அந்த வேலையின் பயன் நேராகக் கண்ணுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பயணிகள். சாலையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அவர்களுக்கு உணவு வானத்திலிருந்துதான் இறங்கியது. 2015 சென்னை வெள்ளத்தில் மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களைத் தூக்கியதும் ஹெலிகாப்டர்கள்தான். சியாச்சினில் இருபதாயிரம் அடி உயரத்தில் சீட்டா ஹெலிகாப்டர்கள், மெல்லிய காற்றில் ஒவ்வொரு கிலோ எடையையும் எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டு, பனிக்கு நடுவே இருக்கும் சிப்பாய்களுக்கு மருந்தும் மண்ணெண்ணெயும் கொண்டுபோகின்றன. நம் பிள்ளைகள் ஏனோ போர் விமானத்தை மட்டும் உயர்வாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், சாமானிய மக்கள் கையெடுத்துக் கும்பிடுவது ஹெலிகாப்டர் விமானியைத்தான்.

இன்னும் மேலே போகவும் வழி இருக்கிறது. 1984 ஏப்ரலில் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மா விமானப்படையின் சோதனை விமானி. ககன்யான் திட்டத்துக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட நால்வருமே அப்படித்தான். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய்த் திரும்பிவிட்டார். எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் இந்தியாவில் அந்த இடத்துக்கு ஏணி இங்கேதான் சாத்தியிருக்கிறது.

உடம்பு கொடுப்பது

போர் விமானம் வேகத்தில் சட்டெனத் திரும்பும்போது உடம்பின் எடை கூடுகிறது. அதை ஜி விசை என்கிறார்கள். ஒன்பது ஜி என்றால், 70 கிலோ ஆள் அந்த நொடிகளில் 630 கிலோவாக இருக்கையில் அழுந்துகிறார். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஐம்பது கிலோவுக்கு மேல் கழுத்தில் உட்காரும். ரத்தம் மூளையை விட்டுக் கால்களுக்கு இறங்கும். முதலில் கண்ணில் நிறங்கள் வெளிறும், பிறகு பார்வை குழாய் போலக் குறுகும், பிறகு இருட்டு, அதற்கும் மேல் போனால் நினைவே தப்பும். தாழ்வாகப் பறக்கும்போது சில நொடி நினைவு தப்பினாலும் மீள முடியாது. அதைத் தடுக்க, காற்று நிரம்பித் தொடைகளையும் வயிற்றையும் இறுக்கும் உடை ஒன்றைப் போட்டிருப்பார்கள். அது போதாது. கால், தொடை, வயிற்றுத் தசைகளை முழு பலத்தோடு இறுக்கி, மூச்சை நெஞ்சில் அடைத்து, மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று விட்டு வாங்க வேண்டும். இதைச் செய்துகொண்டே எதிரி எங்கே, எரிபொருள் எவ்வளவு, ரேடியோவில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பெங்களூரின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் மனிதரை வைத்துச் சுழற்றும் இயந்திரம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படிப் பறந்தவர்களுக்குக் கழுத்து வலியும் முதுகு வலியும் சொத்து மாதிரி சேர்ந்துவிடும்.

விமானத்தைக் கைவிட்டு இருக்கையோடு வெளியே தெறிப்பதும் சினிமாவில் வருவதுபோல அல்ல. இருக்கைக்கு அடியில் வெடிமருந்து வெடித்து, நொடிக்கும் குறைவான நேரத்தில் ஆளை மேலே எறியும். உயிர் தப்புவார், முதுகெலும்பு நசுங்கி முறிவது சகஜம். குணமான பிறகும் மீண்டும் அதே இருக்கையில் உட்கார மருத்துவர்கள் அனுமதிக்க வேண்டும். இங்கேதான் நான் முதலில் சொன்ன கேள்வி வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் மருத்துவப் பரிசோதனை உண்டு. இதயத் துடிப்பில் சின்ன மாறுபாடு, சர்க்கரை, முதுகுத் தட்டில் விலகல் என்று எது வந்தாலும் 'மெடிக்கல் கேட்டகரி' இறங்கும். பறப்பது தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நிற்கும். முப்பத்திரண்டு வயதில் அலுவலக மேசைக்கு வந்துவிட்ட விமானிகள் இருக்கிறார்கள். அதிகாரியாக இருப்பதையே விரும்பிச் சேர்ந்தவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். பறப்பதற்காக மட்டுமே சேர்ந்தவர்களுக்கு அது நரகம்.

உயிர்

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லக்கூடாது. 2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி மாநிலங்களவையில் தந்த கணக்கு இது: வாங்கிய 872 மிக் விமானங்களில் பாதிக்கு மேல், 482 விமானங்கள், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் விபத்துக்குள்ளாயின, 171 விமானிகள் இறந்தார்கள். தரையில் இருந்த 39 பொதுமக்களும் இறந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் போரில் சாகவில்லை. பயிற்சியிலும் அன்றாடப் பறத்தலிலும் இறந்தவர்கள். பழைய இயந்திரங்கள், உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்குவதில் நேர்ந்த பல்லாண்டுத் தாமதம் என்று காரணங்கள் பல. ஹாக் விமானம் வந்தது 2008இல்தான். கடைசி மிக்-21 படைப்பிரிவு 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. புதிய விமானங்கள் முன்னைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் ஆபத்து போய்விடவில்லை. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். அவர் உடல் முதலில் வந்து இறங்கியது நம் சூலூரில்.

குரூப் கேப்டன் வருண் சிங்கின் கதையில் இந்த வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 2020 அக்டோபர் 12 அன்று தேஜஸில் தனியாகச் சோதனைப் பறத்தலில் இருந்தபோது, உயரத்தில் காக்பிட்டின் காற்றழுத்தம் தவறியது. கீழே இறங்கத் தொடங்கினார். இறங்கும் வழியில் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பே செயலிழந்தது. விமானம் மேலும் கீழுமாகக் குலுங்கியபடி வேகமாக உயரம் இழந்தது. ஒருவாறு பிடித்து நிறுத்தினார். பத்தாயிரம் அடியில் மறுபடியும் கைமீறியது. குதித்துவிட அவருக்கு முழு உரிமை இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விமானத்தைத் தரையிறக்கினார். அதற்காகச் சௌர்ய சக்ரா விருது பெற்றபின், தான் படித்த பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். தானும் பள்ளியில் சுமாரான மாணவன்தான், சுமாராக இருப்பதில் தவறில்லை, மனத்துக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்து அதில் முழு மூச்சாக உழையுங்கள் என்பது அதன் சாரம். அடுத்த சில மாதங்களில், 2021 டிசம்பர் 8 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து வெலிங்டன் போன ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. அதில் இருந்த பதினான்கு பேரில் அன்று உயிர் தப்பியவர் வருண் சிங் ஒருவர்தான். ஒரு வாரம் போராடி அவரும் இறந்தார். அத்தனை திறமை கொண்ட விமானி, அன்று பயணியாகத்தான் உட்கார்ந்திருந்தார். திறமை பல ஆபத்துகளைத் தள்ளிப்போடும். எல்லாவற்றையும் தடுக்காது.

வீட்டில் இருப்பவர்கள்

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போஸ்டிங் மாறும். தேஜ்பூரிலிருந்து ஜாம்நகர், அங்கிருந்து ஸ்ரீநகர். சில இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஐந்தாறு பள்ளி பார்த்துவிடுவார்கள். தமிழை எழுதப் படிக்கக் கற்காமலே வளர்ந்துவிடுவார்கள் என்பது நம் ஊர்க் குடும்பங்களின் தனி வருத்தம். மனைவி மருத்துவரோ ஆசிரியரோ ஐ.டி. ஊழியரோ, ஒவ்வொரு மாற்றலிலும் அவர் வேலைதான் முதலில் அடிபடும். பெண் விமானியைக் கட்டிய கணவருக்கும் இதே நிலைதான். இப்படி ஊர் ஊராக மாறி வாழ்வதில் நல்ல பக்கமும் இருக்கிறது. முகாமுக்குள் ஒருவருக்கு ஒன்று என்றால் பத்து வீடு திரண்டு வரும். பிள்ளைகள் எந்த ஊரிலும் பொருந்திப் போகக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் எல்லையில் பதற்றம் கூடும் நாட்களில் கணவர் எங்கே, எதற்குப் போனார் என்று மனைவிக்கே தெரியாது. 2019 பிப்ரவரி 27 அன்று போர் விமானி அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானில் பிடிபட்டு, அந்தக் காணொளி நாடெங்கும் கைப்பேசிகளில் ஓடியபோது, அவர் வீட்டாரும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அவர் வாகா வழியாகத் திரும்பினார். அதே 27ஆம் தேதி காலை புட்காமில், நம் ஏவுகணையே தவறுதலாக நம் ஹெலிகாப்டரைச் சுட்டதில் ஆறு விமானப்படையினர் இறந்தார்கள். அந்த வீடுகளை நாடு அவ்வளவாக நினைவில் வைக்கவில்லை.

யாருமே பிள்ளைகளிடம் பேசாத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. போர் விமானம் கொல்வதற்கான கருவி. உத்தரவு வந்தால் குண்டு போட வேண்டும். கீழே யார் இருக்கிறார்கள் என்று விமானி பெரும்பாலும் பார்ப்பதில்லை. 1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியின்போது இந்திய விமானப்படை ஐஸ்வால் நகரத்தின்மீதே தாக்குதல் நடத்தியது; மிசோரம் மக்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழர்களிடம் கேட்டால், விமானச் சத்தம் கேட்டுப் பதுங்கு குழிக்கு ஓடிய பால்யத்தைச் சொல்லுவார்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது இலங்கை விமானப்படை போட்ட குண்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விமானங்களையும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான் ஓட்டினான். நாட்டைக் காக்க வான்படை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கட்டளைக்கும் மனசாட்சிக்கும் நடுவே ஒருநாள் நிற்க நேரலாம் என்பதை அறியாமல் இந்த வேலைக்குப் போகக்கூடாது.

வெளியே வரும் வழி

ஏ.எஃப்.கேட் வழியாகப் பறக்கும் பிரிவில் சேருகிறவர்களுக்குக் குறுகிய காலப் பணி, பதினான்கு ஆண்டு. முடியும்போது வயது முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கும். ஓய்வூதியத்துக்கு இருபது ஆண்டு வேண்டும் என்பதால் பணிக்கொடை கிடைக்கும், ஓய்வூதியம் கிடைக்காது. பயணிகள் விமானத்துக்கு மாறிவிடலாம் என்று எல்லோரும் சொல்லுவார்கள். போக்குவரத்து விமானிகளுக்கு அது ஓரளவு எளிது. போர் விமானிக்கு அப்படி இல்லை. பயணிகள் விமான பைலட் விதிப்படி ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம்வரை பறக்கலாம்; போர் விமானி அதில் ஒரு சிறு பகுதிதான் பறந்திருப்பார். ஒவ்வொரு மணியும் பத்து மடங்கு கடினமானது என்றாலும் உரிமம் தருகிறவர்கள் மணிக்கணக்கைத்தான் கேட்பார்கள். தேர்வு எழுதி, உரிமம் மாற்றி, தன்னைவிடப் பத்து வயது இளைய கேப்டனுக்குப் பக்கத்தில் துணை விமானியாக உட்கார வேண்டியிருக்கும். நிரந்தரப் பணியில் இருப்பவர் நினைத்த நேரத்தில் விலகவும் முடியாது. படை விட வேண்டும். விமானிகள் பற்றாக்குறை 2015இல் 486 ஆக இருந்தது 2021 இறுதியில் 596 ஆக உயர்ந்தது என்று தலைமைத் தணிக்கை அலுவலகமே சொல்லியிருக்கும்போது, படை அவ்வளவு எளிதில் விடாது.

இத்தனையும் தெரிந்த பிறகும் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்பதே என் முடிவு. பதினெட்டு வயதில் தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குத் தன்னைக் கொடுக்க முன்வரும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சீருடைக்காக, சமூக ஊடகப் படத்துக்காக, மாப்பிள்ளைச் சந்தை மதிப்புக்காக என்றால் தடுங்கள். அது இரண்டாவது போஸ்டிங்குக்குள் தீர்ந்துவிடும். எங்கே அனுப்பினாலும், எதை ஓட்டச் சொன்னாலும், ஓட்டவே வேண்டாம் என்று சொன்னாலும் இருப்பேன் என்பவருக்கு மட்டும் இது சரியான இடம். பிற்பாடு மணம் முடிக்கப்போகும் வீட்டாரிடமும் இந்தப் பேச்சை ஒளிக்காமல் பேசிவிடுங்கள்.

போவது என்று முடிவாகிவிட்டால், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கண் மருத்துவரிடம் கூட்டிப்போய்ப் பார்வையையும் நிறப் பார்வையையும் சோதித்துக்கொள்ளுங்கள். கால் நீளத்தையும் உட்கார்ந்த உயரத்தையும் அளந்து பாருங்கள். அரை நாள் வேலை. அதில் தேறினால், சி.பி.எஸ்.எஸ். தேர்வுக்கு நன்றாகத் தயாரான பிறகு மட்டும் மைசூருக்கு அனுப்புங்கள். அந்த வாய்ப்பு இரண்டாவது முறை வராது.